கட்டெறும்பும் சுக்குக்காப்பியும்

பாளையங்கோட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் டார்லின் வேலை பார்த்தாள். முன்னால் பளபளக்கும் அலமாரிகளும் ஏசியும் இருக்கும். பின்னறையில் லென்ஸ் அரைக்கும் இயந்திரமும் அவளும்தான். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸின் விளிம்பைச் சீவி, பொருத்தி, துடைத்து முன்னால் அனுப்புவாள். அது யாருடைய கண்ணுக்குப் போகிறதென்று அவளுக்குத் தெரியாது. இயந்திரம் ஓடும்போது பேசினால் கேட்காது என்பதால் யாரும் அவளிடம் பேசவும் மாட்டார்கள். படிப்பு முடிந்த கையோடு சேர்ந்தவள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. முதலில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, அவர் போனபின் அம்மா படுக்கையில் விழுந்தாள். இடையில் கேட்டு வந்தவர்கள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவை அடக்கம் செய்ய ஜெர்மனியிலிருந்து வந்த தம்பி கிங்ஸ்டன், திரும்பிப் போகும் முன் அக்காவை மணிமுத்தாறுக்கு அழைத்துப் போனான். அருவியைப் பார்த்துவிட்டு வரும் வழியில் வண்டியை நிறுத்தி, செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒரு மதகின் ஓரம் குனிந்து கல்லைப் புரட்டினான். அடியில் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் சுருட்டிய தாளும் குட்டைப் பென்சிலும்.

"என்னலே இது?"

"ஜியோகேச்சிங்க்கா. யாராவது ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சுட்டு, அது எங்க இருக்குன்னு அட்சரேகை தீர்க்கரேகையை இந்த ஆப்ல போட்டுருவாங்க. தேடிக் கண்டுபிடிக்கிறவங்க தாள்ல பேர எழுதிட்டு இருந்த இடத்துலயே வச்சுட்டு வரணும். அவ்வளவுதான்."

"அதுல என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

அவளுடைய போனிலும் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டு அவன் விமானம் ஏறினான். விளையாடுகிறவர்கள் தங்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா அவளைச் சின்ன வயதில் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவாள். அதையே வைத்தாள்.

முதல் சில மாதம் செயலியைத் திறக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சோறு பொங்கினாள். ஒருத்திக்குப் பொங்குவது இன்னும் பிடிபடாமல் வழக்கம்போல மிஞ்சிப்போனது. சட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அன்று ஒரு பாறைக் குன்றில் ஏறி, வெயிலில் வதங்கி, ஒன்றும் கண்டுபிடிக்காமல் திரும்பினாள். ஆனால் ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்தது. அம்மா போனபின் அப்படித் தூங்கியது அன்றுதான்.

மேற்கே பெரிய மலையில் காப்புக்காட்டுக்குள் வனத்துறை யாரையும் விடாது. அங்கே டப்பா ஒளிப்பதும் குற்றம். ஆனால் காட்டுக்கு வெளியே, மலையின் கால்மாட்டில், மொட்டைப் பாறைகளும் உடைமரமும் எலுமிச்சைப் புல்லுமாகக் குன்றுகள் சிதறிக் கிடக்கின்றன. ஆடு மேய்ப்பவர்களைத் தவிர வேறு யாரும் ஏறாத குன்றுகள். செயலியின் வரைபடத்தில் அந்தக் குன்றுகளின் மேல் பச்சைப் புள்ளிகள் இருந்தன. பெரும்பாலும் எல்லாவற்றையும் வைத்தவர் ஒரே ஆள். பட்டப்பெயர், சுக்குக்காப்பி.

டார்லின் ஒவ்வொன்றாகத் தேடிப் போனாள். கிடைத்ததும் செயலியில் இரண்டு வரி எழுத வேண்டும். அவள் பள்ளிக்கூடக் கட்டுரை போல எழுதினாள்: "சுக்குக்காப்பி அவர்களுக்கு வணக்கம். இன்று தங்கள் டப்பாவைக் கண்டேன். ஏறும் வழியில் கரடியின் எச்சம் பார்த்தேன். நன்றி." மறுநாளே பதில் வந்தது: "ஏலே கட்டெறும்பு, கரடி இருக்குன்னு தெரிஞ்சும் மேல போனியா? நீ ஆளு சரிதான் வே."

டீ குடிக்கிற நேரத்தில் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அவளும் டப்பா வைக்கத் தொடங்கினாள். அதை அந்த ஆள் கண்டுபிடிப்பார். அவர் வைப்பார், இவள் தேடுவாள். அந்தப் பக்கம் வேறு யாரும் இந்த விளையாட்டை ஆடவில்லை. எப்போதாவது வெளியூர்க்காரர் ஒருவர் ரோட்டோர டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. குன்றின் உச்சியில் இருக்கும் தாள்களில் இரண்டே பெயர்கள்தான் மாறி மாறி இருந்தன. வருடக்கணக்கில் இப்படி நடந்தது. ஒருவர் பேரை ஒருவர் கேட்டதில்லை, என்ன தொழில் என்றும் கேட்டதில்லை.

ஒருமுறை ஏறக்குறைய நேரிலேயே பார்த்திருக்க வேண்டியது. சிங்கம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றில் பாதி ஏறியிருந்தாள். உச்சியில் ஓர் ஆள், தலையில் துண்டு, கையில் கம்பு. பாறையடியில் எதையோ குனிந்து வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்று தெரிந்தது. கையை உயர்த்திக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் டார்லின் சட்டென்று ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அவர் மறுபக்கமாக இறங்கிப் போகும்வரை அசையவில்லை. ஏன் அப்படிச் செய்தோம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். பார்த்துவிட்டால் அவர் தன்னிடம் என்ன பேசுவார், தான் என்ன பேசுவோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மனுஷர்களோடு பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது அவளுக்கு.

அந்த வருடம் டிசம்பரில் பெருமழை வந்தது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. கடையின் பின்னறையிலும் தண்ணீர். இயந்திரத்தை மேசைமேல் ஏற்றி, சேற்றை வாரி, ஜனவரியும் பாதி போய்விட்டது. ஓய்ந்து உட்கார்ந்து செயலியைத் திறந்தபோதுதான் கவனித்தாள். சுக்குக்காப்பியிடமிருந்து மழைக்குப்பின் ஒரு வரிகூட இல்லை.

"நலமா?" என்று எழுதினாள். பதில் இல்லை. அவருக்காகவே புதிதாக ஒரு டப்பா வைத்தாள். சுலபமான இடம். யாரும் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலம் தொடங்கியது. கோயிலில் முழங்கால் போட்டபோது அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி ஜெபம் செய்ய வாயெடுத்து, சுக்குக்காப்பி என்று ஆண்டவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள். வெள்ளத்தில் போனவர்களின் பெயர்கள் மழை நாட்களிலேயே பேப்பரில் வந்திருந்தன. அதில் எந்தப் பெயர் அவருடையது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அவரைப் பற்றி அவளிடம் இருந்த ஒரே துப்பு அந்த டப்பாக்கள். எல்லாம் பேரீச்சம்பழ அல்வா விற்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒட்டியிருந்த தாளை அவர் சுரண்டி எடுத்திருந்தாலும் ஒன்றில் மட்டும் பாதி மிச்சம் இருந்தது. மக்பூல் மிட்டாய்க்கடை, மேலப்பாளையம்.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம், கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் மிட்டாய்க்கடைக்காரர்.

டார்லினுக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. "இங்க அல்வா வாங்குவாங்க... ஒருத்தர். மலைக்கெல்லாம் போவாங்க. பேரு தெரியாது."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மலைக்கிறுக்கர் ஷேக் மைதீன் பாயா? மஸ்கட்ல டிரைவரா இருந்துட்டு வந்தாரே? அவர் கால் ஒடஞ்சுல்லா கெடக்கார். பின்னால சந்துல பச்சைக் கேட்டு."

உயிரோடு இருக்கிறார். டார்லின் வழியை இன்னொரு முறை கேட்டுக்கொண்டாள். பிறகு கால்கிலோ அல்வா வாங்கினாள்.

பச்சைக் கேட்டைத் திறந்தது ஹமீது பீவி, ஷேக் மைதீனின் மனைவி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "யாரும்மா?" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருப்பதாக நினைத்தாளோ என்னவோ, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே விட்டுவிட்டாள். அறையில் கட்டிலில் சாய்ந்தபடி அறுபது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர் இருந்தார். இடது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரை கம்பிகளும் வளையங்களும்.

"அண்ணாச்சி," என்றாள் டார்லின். "நான்தான் கட்டெறும்பு."

ஷேக் மைதீன் அவளையே பார்த்தார். பிறகு போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"நீங்களா?" என்றார். "நான் ஆம்பளன்னுல்லாம்மா நெனச்சேன். லே, வேன்னுலாம் எழுதிட்டனே. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

அவர் ஜன்னலைப் பார்த்தார். அவள் அல்வாப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். குன்றுகளில் அத்தனை பேசிய இரண்டு பேர்தான் அவர்கள். அறைக்குள் மின்விசிறி மட்டும் கடகடத்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹமீது பீவிதான் பேசினாள். "அப்ப அந்த டப்பாவத் தேடுத ஆளு நீதானா? உனக்கு வேற சோலி இல்லையா? அந்த டப்பாதான் இவுக கால எடுத்துச்சு தெரியுமா?"

"ஹமீது," என்றார் அவர்.

"என்ன ஹமீது? மழை விட்டதும் டப்பாலாம் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்னு போனாக. அந்தி சாய்ஞ்சும் வரல. போனு எடுக்கல. எந்த மலைன்னு எனக்கென்ன தெரியும்? போலீஸ்காரங்க கேக்குதாங்க, எந்த மலைன்னு. நான் என்னத்தச் சொல்ல? விடியிற வரைக்கும் துஆ கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன். மறுநா ஆட்டுக்காரங்க தூக்கிட்டு வந்தாங்க, கூனிமலையில கெடந்தாகன்னு. போனும் ஒடஞ்சுபோச்சு, புதுசு வாங்கி ஒரு வாரந்தான் ஆகுது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சரி, நீ ஒத்தையில மலையேறுதியே, யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா."

"வீட்ல?"

"வீட்ல யாரும் இல்ல."

ஹமீது பீவி டீ போட உள்ளே போய்விட்டாள்.

புறப்படும்போது ஷேக் மைதீன் ஓர் உதவி கேட்டார். இனி தன்னால் ஏற முடியாது, பராமரிக்காத டப்பாக்களை மலையில் விட்டுவைப்பது குப்பை போடுவதற்குச் சமம், எல்லாவற்றையும் எடுத்துவிட முடியுமா என்றார். டார்லின் சரி என்றாள். அவர் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, ஹமீது பீவியிடம் தன் பேரையும் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தக் கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் வேலை. முன்பு ஒவ்வொரு குன்றிலும் ஏறும்போது மேலே ஏதோ காத்திருக்கிற மாதிரி இருக்கும். இப்போது வீடு காலிசெய்கிற மாதிரி இருந்தது. டப்பாவை எடுத்த இடத்தில் கல்லை மறுபடி மூடி வைத்துவிட்டு இறங்குவாள். செயலியில் பச்சைப் புள்ளி ஒவ்வொன்றாக மறைந்தது. ஒரு குன்றின் உச்சியில் உட்கார்ந்து கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்னும்போது, சத்தமாக, "ஏலே கட்டெறும்பு," என்று தானே சொல்லிப் பார்த்தாள். வேறு யாரோ சொன்னது போலவே இல்லை. மீதியைச் சாப்பிடாமல் மூடி வைத்தாள்.

டப்பாக்களைச் சாக்கில் கட்டி மேலப்பாளையம் கொண்டுபோனபோது ஹமீது பீவி வாங்கிக்கொண்டாள். கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, மிளகாய்ப்பொடியும் மல்லிப்பொடியும் போட்டு அடுக்களையில் அடுக்கிவிட்டாள். ஷேக் மைதீன் இப்போது கம்பூன்றி நடந்தார். அடுக்களை வாசலில் நின்று அந்த வரிசையைப் பார்த்தார்.

ஹமீது பீவி மாடிக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார். "இன்னொண்ணு இருக்கும்மா. ஆப்ல போடாதது. கூனிமலையில அன்னைக்குப் புதுசா வச்சேன். எறங்கையிலதான் விழுந்தேன்."

"எங்கன அண்ணாச்சி?"

"உச்சிக்குக் கீழ பாறையில வேர் விட்ட ரெண்டு கல்லால மரம் நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல போயிராதீங்க, வழி மாதிரி தெரியும், அங்கனதான் வழுக்குச்சு. மேல சுத்திப் போனா ஒரு படுக்கைப் பாறை." சொல்லிவிட்டு உடனே கையை ஆட்டினார். "போவாண்டாம். சும்மா சொன்னேன். அது அங்கனயே கெடக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் பின்னறையில் லென்ஸ் அரைக்கும்போதெல்லாம் அந்த டப்பா நினைப்பு வந்தது. வைத்தவரால் போக முடியாது. வேறு யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு பெயர்கூட எழுதாத தாளோடு அது அங்கே இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுவிட்டாள்.

கூனிமலை பேருக்கேற்ற மாதிரி முதுகு வளைந்து கிடந்தது. அடிவாரத்தில் வெயில். பாதி ஏறியபோது காற்று திரும்பியது. மேற்கு மலையைத் தாண்டி மேகம் வழிந்து வந்தது. இரட்டைக் கல்லால மரங்களைப் பார்த்தாள். அவர் சொன்னது போலவே நடுவில் ஒரு வழி தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். பாறை சறுக்கிக்கொண்டு கீழே போய் ஒரு பள்ளத்தில் முடிந்தது. பள்ளத்தில், முட்செடிக்கிடையே, வெயிலில் வெளுத்துப்போன ஒற்றை ஷூ. இந்தப் பள்ளத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறார். அந்த ராத்திரியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். தூங்கியிருப்போம்.

மேலே சுற்றிப் போனாள். படுக்கைப் பாறையின் அடியில், காய்ந்த புல்லுக்குப் பின்னால் டப்பா இருந்தது. தாளின் தலைப்பில் தேதியும் சுக்குக்காப்பி என்ற பெயரும். அதன்கீழே வெற்றுத்தாள். பென்சிலை எடுத்துக் 'கட்' வரை எழுதியவள் அதை அடித்துவிட்டு, டார்லின் என்று எழுதினாள். கீழே அணைத் தண்ணீரும் வயல்களும் கொஞ்சம் கொஞ்சமாக மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன.

டப்பாவைப் பையில் போட்டு எழுந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. சாரல்தான், ஆனால் பாறை எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிட்டது. இரண்டடி வைத்ததும் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. எழுந்திருக்க முடிந்தது. ஆனால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை. எத்தனையோ குன்று ஏறியவள், முதல்முறையாகப் பயந்துபோனாள். தான் இங்கே கிடந்தால் திங்கட்கிழமை கடையில்தான் தேடுவார்கள், அதுவும் இயந்திரம் ஓடாத சத்தத்தை யாராவது கவனித்தால்.

போனை எடுத்து ஷேக் மைதீன் எண்ணை அழுத்தினாள். எடுத்தது ஹமீது பீவி.

"அவுக தொழுவுதாக. யாரு, டார்லினா? என்ன காத்து எரையுது, எங்கன நிக்க?"

"கூனிமலையிலக்கா."

அந்தப் பக்கம் சத்தமில்லை. கோபத்தில் வைத்துவிட்டாளோ என்று நினைத்தாள் டார்லின்.

"மழை பெய்யுதா?"

"சாரல். வழுக்குதுக்கா. எறங்க பயமா இருக்கு."

"சரி கேளு. போன ஆப் பண்ணாத. பைய மார்ல போட்டு அதுக்குள்ள வச்சுக்க. நீ ஒண்ணும் பேசாண்டாம், நான் பேசுதேன். உக்காந்து உக்காந்து எறங்கு. விழுந்தா சத்தம் கேக்கும்லா எனக்கு?"

டார்லின் அப்படியே செய்தாள். பாறையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, மெதுவாக நகர்ந்து இறங்கினாள். மார்பில் தொங்கிய பையிலிருந்து ஹமீது பீவியின் குரல் வந்துகொண்டே இருந்தது. திட்டுகிறாள் என்று தெரிந்தது. பிறகு திட்டு குறைந்து, மீன்காரன் இன்றைக்கு வராதது, பக்கத்து வீட்டுக் கல்யாணம், மல்லிப்பொடியில் வண்டு விழுந்தது என்று எதையெதையோ சொன்னாள். நடுவில் பாத்திரம் உருளும் சத்தம். ஷேக் மைதீன், "யாரு?" என்று கேட்பதும், "சும்மா இருங்க, உங்களால வந்தது," என்று இவள் அதட்டுவதும் கேட்டன. ஓர் அடுக்களை முழுவதும் அந்தப் பைக்குள் இருந்தது. டார்லினுக்குக் கண்ணை மறைத்தது. மழைத்தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

பாதிக்குக் கீழே சிக்னல் அறுந்துபோனது. அதன்பின் இருந்த சரிவு அத்தனை மோசமில்லை. ஆனால் அதுதான் நீளமாக இருந்தது.

அடிவாரத்துச் சுடலைமாடன் கோயிலருகே வந்ததும் போன் செய்தாள். மணி முழுசாக அடிக்கும் முன்னே எடுத்துவிட்டாள் ஹமீது பீவி.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன்க்கா."

"சரி. வை."

அவ்வளவுதான் பேசினாள். மறுவாரம் அந்தக் கடைசி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஷேக் மைதீன் தாளைப் பிரித்து, அடித்த எழுத்தையும் அதன்பக்கத்திலிருந்த பெயரையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியின் கம்பி கோணியிருந்ததை டார்லின் வாங்கி நிமிர்த்திக் கொடுத்தாள். அந்த டப்பாவை ஹமீது பீவி அடுக்களைக்குக் கேட்கவில்லை.

ஷேக் மைதீனின் கால் கூடியது. ஆனால் கொஞ்சம் கட்டையாகிப்போனதால் மாடிப்படி ஏறவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. மலையைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை. டார்லினும் கேட்பதில்லை. பெருநாளைக்கு அவளைக் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதிகம் பேச வரவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

அவள் வைத்த டப்பாக்கள் இன்னும் குன்றுகளில் இருக்கின்றன. எடுக்க மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை போய் ஈரமான தாளை மாற்றிவிட்டு வருகிறாள். புதுப் பெயர் எதுவும் தாளில் ஏறுவதில்லை. போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஏறும் முன் அடிவாரத்திலிருந்து மேலப்பாளையத்துக்குப் போன் செய்து குன்றின் பெயரைச் சொல்கிறாள். ஹமீது பீவி ஒவ்வொரு முறையும், "உனக்கு வேற சோலி இல்லையா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு, "எத்தன மணிக்கு எறங்குவ?" என்கிறாள்.